குறி பார்த்த கண்ணும் காத்த செவியும்

பெருந்துறையிலிருந்து கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் வழியே வடக்கு நோக்கிச் செல்லும் சாலை, பண்ணாரியம்மன் கோயிலைத் தாண்டியதும் 27 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து திம்பம் மலைமீது ஏறுகின்றது. மேலே ஆசனூரும் தலமலையும் தாளவாடியும். கீழே மாயாறும் பவானியும். கொங்கு நாட்டின் வடக்கு வேலியாக நிற்கும் இக்காடுகளையும், இவற்றின் தொடர்ச்சியாகக் காவிரிக்கு அப்பால் விரியும் பென்னாகரம், அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகளையும் உலகெங்கும் உள்ள ஆங்கில வாசகர்கள் ஒருவருடைய எழுத்தின் வழியாகவே பெரிதும் அறிந்தனர். அவர் கென்னத் ஆண்டர்சன். ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்ட வேட்டைக்காரர் என்றே பலரும் அவரை நினைவுகூர்கின்றனர். ஆயினும் அவருடைய வாழ்வை உற்று நோக்குவோர்க்கு அது ஒரு துப்பாக்கியின் கதையாக மட்டும் தோன்றுவதில்லை. குறி பார்க்கும் கண்ணுக்கு எத்தனை செவிகள் துணை நின்றன என்பதன் கதையாகவும் அது விளங்குகின்றது.

புலியோடு பொருதவனைக் கொங்கு நாடு மறந்ததில்லை. ஆநிரை காக்கப் புலியைக் குத்தி மடிந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட புலிகுத்திக் கற்கள் இம்மண்ணின் பல ஊர்களில் இன்றும் நிற்கின்றன. ஈட்டியும் வாளும் கொண்டு நின்ற அவ்வீரர்களின் வரிசையில், துப்பாக்கி ஏந்திய ஓர் ஆங்கிலேய மரபினரை வைத்து எண்ணலாமா என்பது ஆராயத்தக்க வினா.

பிறப்பும் பணியும்

ஆண்டர்சன் 1910ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் செகந்தராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஆறு தலைமுறைகளாக இந்தியாவில் வேரூன்றிய குடும்பம் அவருடையது. தந்தையார் இராணுவக் கணக்குத் துறையைச் சேர்ந்தவர். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித ஜோசப் கல்லூரியிலும் பயின்ற இளைஞரைச் சட்டம் படிப்பதற்காக எடின்பரோவுக்கு அனுப்பினர். படிப்பை முடிக்காமலே அவர் திரும்பி வந்துவிட்டார். பனி மூடிய அந்நகரில் கால் தரிக்க அவரால் இயலவில்லை.

அஞ்சல் தந்தித் துறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகளும், பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவின் மேலாளர் நிலை வரையிலும் அவர் பணியாற்றினார். வேட்டை அவருக்குப் பிழைப்பன்று. வாரம் முழுவதும் அலுவலகக் கோப்புகளோடு உழன்றவர், விடுமுறை கிடைத்ததும் காரில் துப்பாக்கியையும் உணவுப் பொட்டலங்களையும் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்படுவார். ஓசூரைத் தாண்டினால் தேன்கனிக்கோட்டை, அதற்கப்பால் காடு. அக்காலத்தில் அப்பகுதி முழுவதும் சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி மாவட்டமும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. சத்தியமங்கலக் காடுகள் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1979இல் பெரியார் மாவட்டம் உருவான பின்னரே அவை இன்றைய ஈரோட்டு எல்லைக்குள் வந்தன. முடியனூரும், திம்பம் மலையடிவாரத்தில் இராஜநகரா என்று அவர் குறிப்பிடும் ஊரும் அவருடைய கதைகளின் தலைப்புகளிலேயே இடம்பெற்றுள்ளன. தமிழும் கன்னடமும் அவருக்கு நன்கு வரும். கிராமத்தாரிடம் அவரவர் மொழியிலேயே உரையாடுவார்.

துப்பாக்கியின் இயல்பு

ஆண்டர்சன் பெரிதும் நம்பியது 1895ஆம் ஆண்டு வடிவமைப்பைச் சேர்ந்த வின்செஸ்டர் ரைபிளை. .405 அளவுத் தோட்டாவைச் செலுத்தும் அதனை வடிவமைத்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலைக் கையால் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்குச் சென்றபோது உடன் கொண்டு சென்றதும் இவ்வகைத் துப்பாக்கியே. எடை மிகுந்த தோட்டா. சுடுபவரின் தோளைப் பலமாக உதைக்கும். ஆயினும் அருகில் நிற்கும் பெரிய விலங்கை அந்த இடத்திலேயே வீழ்த்தும் வன்மை உடையது.

இதில் தொலைநோக்கி பொருத்தும் பழக்கம் இல்லை. சுடப்பட்ட தோட்டாவின் கூடு துப்பாக்கியின் மேற்புறமாகத் தெறித்து வெளியேறுவதால், நேர் மேலே தொலைநோக்கியை நிறுத்துவது இடையூறாகும். அதனினும் முதன்மையான காரணம் இரவு. தொலைநோக்கி தூரத்தில் உள்ளதை அருகில் கொணரும்; ஆனால் பார்வையின் பரப்பைச் சுருக்கிவிடும். பகலில், திறந்த வெளியில், 200 அடிகளுக்கு அப்பால் நிற்கும் இலக்குக்கு அது நல்ல துணை. பத்தடி தொலைவில் இருளுக்குள்ளிருந்து பாய வரும் சிறுத்தைக்கு அதனால் பயனில்லை. ஆகவே ஆண்டர்சன் துப்பாக்கிக் குழலோடு சேர்த்து ஒரு டார்ச் விளக்கைப் பிணைத்திருந்தார். விளக்கை எரியவிட்ட கணத்தில் குழல் முனையின் சிறு மணியும் விலங்கின் கண்களும் ஒருசேரத் தெரியும். அதன்பின் அவருக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகள் மட்டுமே.

குறி பார்த்தலின் நுட்பம் எங்கும் ஒன்றே. கண்ணுக்கு அருகில் ஒரு பள்ளம், குழல் முனையில் ஒரு மணி, அப்பால் இலக்கு என மூன்றும் ஒரு கோட்டில் அமைய வேண்டும். ஆனால் மனிதக் கண் ஒரே நேரத்தில் மூன்றையும் தெளிவாகக் காண வல்லதன்று. பழகியவர்கள் நடுவில் உள்ள மணியையே தெளிவாகக் கண்டு, இலக்கைச் சற்று மங்கலாக விட்டுவிடுவர். மூச்சை வெளியிட்டு அடுத்த மூச்சு எழுமுன் உள்ள சிறு இடைவெளியில், வெடிப்பது தமக்கே தெரியாத அளவு மெல்ல விசையை அழுத்துவர். இலக்கின் மீதே மனத்தை ஓட்டி அவசரப்படுபவன் தவறவிடுவான். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் இன்றும் உருவைப் பெரிதாக்கும் தொலைநோக்கிக்கு இடமில்லை. 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. கருவியைக் காட்டிலும் அடக்கத்தையே அக்கலை வேண்டுகின்றது. சொல்லைத் தேர்ந்து நிறுத்தும் கவிஞருக்கு இது புதிய செய்தியாக இராது.

தவறிய குறியின் விளைவு

விளையாட்டரங்கில் குறி தவறினால் மதிப்பெண் குறையும். காட்டில் குறி தவறினால் ஊர் அழியும். ஆண்டர்சனின் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வரும் உண்மை இதுவே. புலியும் சிறுத்தையும் இயல்பில் மனிதனை இரையாகக் கொள்வன அல்ல. பொறுப்பற்ற வேட்டைக்காரன் தொலைவிலிருந்து சுட்ட குண்டோ, உழவன் தன் பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கியால் தூவிய ஈயத் துணுக்குகளோ தாடையையோ காலையோ சிதைத்துவிடும். மானைத் துரத்த இயலாத அவ்விலங்கு, ஓட மாட்டாத மனிதனைத் தேடி வரும். சுட்டவன் வீடு சென்று உறங்குவான். விலை கொடுப்பவர்கள் சுள்ளி பொறுக்கச் சென்ற பெண்ணும் மாடு மேய்க்கும் சிறுவனும்.

ஆகவே காயம்பட்ட விலங்கைப் பாதியில் விட்டுத் திரும்புவதை ஆண்டர்சன் பெருங்குற்றமாகக் கருதினார். இரத்தத் தடத்தைப் பின்பற்றிப் புதருக்குள் நடப்பதே வேட்டையில் மிகக் கொடிய பகுதி. அதனைச் செய்ய அஞ்சுபவன் துப்பாக்கியைத் தொடுதல் ஆகாது என்பது அவர் கொள்கை. 1939 முதல் 1966 வரையிலான பதிவுகளின்படி 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் அவர் சுட்டார். அவற்றுள் பல, முன்னர் வேறொருவர் குறி தவறியதால் விளைந்தவை.

கும்மளாபுரத்து நாய்

தளிக்கு அருகில், சேலம் மாவட்டத்தின் வட எல்லையில் இருந்த கும்மளாபுரத்தை ஒரு சிறுத்தை ஆட்டிப் படைத்தது. அது கொன்றவர்களின் எண்ணிக்கை 42 என்று ஆண்டர்சன் பதிவு செய்துள்ளார். கதிரவன் மறைந்ததும் ஊர் முழுதும் கதவடைத்துக்கொள்ளும். குடிசைகளைச் சுற்றி முள்வேலி எழுந்தது. கூரையைப் பிய்த்து உள்ளே இறங்கும் துணிவும் அச்சிறுத்தைக்கு இருந்தது. பல இரவுகள் காவலிருந்தும் ஆண்டர்சனுக்கு அது அகப்படவில்லை.

ஓரிரவு அவர் காத்திருந்த இடத்திற்கு ஊர் நாயொன்று வந்தது. பெயரில்லாத, உரியவர் என்று எவருமில்லாத சிறு நாய். பசியும் குளிரும் அதனை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தன. தம் கையிலிருந்த பிஸ்கட்டுகளில் சிலவற்றை அவர் அதற்குக் கொடுத்தார். அது அவரை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மலையடிவாரப் பட்டிகளில் ஆட்டைவிட நாயையே சிறுத்தை முதலில் கவ்விச் செல்லும். சிறுத்தையின் வாடை பட்டாலே வாலை ஒடுக்கி ஓடிவிடுவது நாட்டு நாய்க்கு இயல்பு. அன்றிரவு அந்த நாய் ஓடவில்லை. மனிதனுடைய செவியில் எவ்வொலியும் படாத நேரத்தில் அது தலை நிமிர்த்தி, உடல் விறைத்து, மெல்ல உறுமத் தொடங்கியது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். நாயின் செவிக்கு அதனினும் இரு மடங்கு எட்டும். மூக்கின் ஆற்றலோ ஒப்பிடவே இயலாதது. அந்த உறுமலைக் கேட்டு ஆண்டர்சன் ஆயத்தமானார். விளக்கை எரியவிட்டபோது சிறுத்தை நிலத்தோடு நிலமாக ஊர்ந்து மிக அருகில் வந்துவிட்டிருந்தது. அவருடைய ரைபிள் முழங்கியது. இறந்த சிறுத்தையை ஆராய்ந்தபோது, அதன் கால்விரல்களுக்கிடையே முறிந்து புதைந்திருந்த முள்ளம்பன்றி முட்கள் அது ஆட்கொல்லியான காரணத்தை உணர்த்தின.

உறுமலின்றி விளக்கு எரிந்திருக்காது. விளக்கு எரியாதிருந்தால் எத்துணை நல்ல குறியும் உதவியிராது. அந்த நாயை ஆண்டர்சன் தம்முடன் பெங்களூருக்கு அழைத்துச் சென்று நிப்பர் எனப் பெயரிட்டு வளர்த்தார். சில பிஸ்கட்டுகளுக்கு ஈடாக அது தம் உயிரையே மீட்டுத் தந்தது என்று நன்றியோடு எழுதிவைத்தார். பின்னொரு காலத்தில் சிவனிப்பள்ளியில் கருஞ்சிறுத்தையைத் தேடிச் சென்றபோதும் மற்றொரு கிராமத்து நாய் மோப்பம் பிடித்து அவருக்கு வழிகாட்டியது. இரண்டும் உயர்ந்த இனத்தவை அல்ல. எச்சில் இலையில் வளர்ந்த தெரு நாய்களே.

இத்தகைய நன்றியைத் தமிழகம் கல்லிலேயே பொறித்துள்ளது. ஆண்டர்சன் நடமாடிய காடுகளுக்குக் கிழக்கே, செங்கம் பகுதியில் உள்ள எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. ஆநிரை பூசலில் உயிர்நீத்த வீரனோடு, கள்வரைக் கடித்து அவன் அருகில் காவல் நின்ற நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாயின் பெயரையும் கல்வெட்டு மறவாமல் குறிக்கின்றது. கோவிவனுக்கும் நிப்பருக்கும் இடையே 1,300 ஆண்டுகள். காவல் ஒன்றே, அதனைப் பொறித்து வைக்கும் மனம் ஒன்றே.

இமயச் சாரலில் வாழ்ந்த ஜிம் கார்பெட்டின் (1875 – 1955) வாழ்விலும் இவ்வுறவைக் காணலாம். பத்து வயதில் நைனிதால் தன்னார்வப் படையின் இளைஞர் பிரிவில் இலக்கு நோக்கிச் சுடப் பழகிய அவர், 15 ரூபாய்க்கு வாங்கிய ராபின் என்னும் நாய்க்குத் தம் முதற்பெரும் நூலில் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார். அந்நூலைத் தி.ஜ.ர. தமிழாக்கினார் என்பது இலக்கிய அன்பர்கள் அறிந்ததே. வடக்கே ராபின், தெற்கே நிப்பர். வேட்டைக்காரர்களின் புகழுக்குப் பின்னால் இவ்வாறு வாய்பேசா உயிர்கள் நிற்கின்றன.

காட்டில் வாய்த்த ஆசிரியர்

ஆண்டர்சனுக்குக் காட்டைக் கற்பித்தவர்களுள் தலையாயவர் பைரா. சின்னாற்றங்கரையில், நிலத்தைக் குடைந்து அமைத்த குழியையே வீடாகக் கொண்டு வாழ்ந்த பூசாரி இனத்தவர். எழுத்தறியாதவர், எனினும் மண்ணில் பதிந்த சுவடுகளை ஏடுபோல் படிப்பார். அடித்தடத்தின் விளிம்பு உதிர்ந்துள்ளதா, அதன்மீது பனி படிந்துள்ளதா, மிதிபட்ட புல் நிமிரத் தொடங்கிவிட்டதா என்பவற்றைக் கொண்டு விலங்கு சென்ற நேரத்தைக் கணிப்பது காட்டு மக்களின் கல்வி. கடமானின் கதறலுக்கும் மந்தியின் எச்சரிக்கைக்கும் மயிலின் அகவலுக்கும் இடையே வேறுபாடு கண்டு, புலி எத்திசையில் நகர்கிறது என்பதை அறிவதும் அக்கல்வியே. ஆண்டர்சன் இதனைப் பல்லாண்டுகள் பயின்றார். புலியின் குரலை அதைப்போலவே எழுப்பவும் கற்றார். ஜவளகிரிப் பெண்புலியை ஆண்புலியின் அழைப்புக் குரலால் தம்மிடம் வரவழைத்தே சுட்டார்.

சட்டத்தின் கண்ணில் பைரா திருட்டு வேட்டைக்காரர். உரிமம் பெற்ற துரைக்குப் புலித்தோல் வெற்றிச் சின்னம். உரிமமில்லாத பூசாரிக்கு ஒரு மான்கறி குற்றம். இந்த முரண்பாட்டை ஆண்டர்சன் முற்றிலும் தாண்டிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. அவருடைய பக்கங்களில் கிராமத்தார் பல இடங்களில் அஞ்சி நடுங்குபவர்களாகவும், துரை ஒருவரே துணிந்தவராகவும் காட்சியளிப்பதுண்டு. அது அக்காலத்துப் பார்வையின் குறை. ஆயினும் பைராவைத் தம் நண்பர் என்றும் ஆசிரியர் என்றும் பெயர் சொல்லி எழுதினார். அரசு ஏடுகளில் இடம்பெறாத ஒரு மனிதரின் அறிவு அவ்வெழுத்தினாலேயே நமக்கு எஞ்சியது.

எழுத்தும் மனமாற்றமும்

1954இல் ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மத யானையையும் பற்றிய முதல் நூல் வெளிவந்தது. 1957, 1959, 1961, 1964, 1967, 1970 எனத் தொடர்ந்து காட்டுக் கதைத் தொகுப்புகள் வந்தன. கடைசித் தொகுப்பு அவர் மறைந்த பின் 1976இல் அச்சாயிற்று. வேட்டைக் கதை என்ற அளவில் நில்லாது, மலைச்சரிவில் இருள் கவியும் விதத்தையும், முதற்பறவை கூவும் நேரத்தையும், மூங்கில் ஒன்றோடொன்று உரசும் ஒலியையும் அவர் பொறுமையோடு விவரித்தார். வாசகர் பலர் புலியைத் தேடி அந்நூல்களுக்குள் புகுந்து, காட்டைக் கண்டு வெளியே வந்தனர்.

பிந்திய நூல்களில் ஒரு துயரம் படர்வதை உணரலாம். தம் இளமையில் புலிக்குரல் கேட்ட பள்ளத்தாக்குகள் ஒலியற்றுப் போயின. நஞ்சு வைப்போரும், காரின் விளக்கொளியில் கண்டதையெல்லாம் சுடுவோரும் பெருகினர். 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணை கொங்கு வயல்களுக்கு வளம் தந்தது. காட்டின் ஒரு பகுதி நீருக்குள் மறைந்தது. துப்பாக்கி இன்றிக் காட்டுக்குள் அமர்ந்து காண்பதே மேலான இன்பம் என்னும் கருத்தை ஆண்டர்சன் வலியுறுத்தலானார். சுடுவதற்காகப் பழகிய பொறுமையும் மூச்சடக்கமும் பார்ப்பதற்கான பொறுமையாக முதிர்ந்தன.

1972இல் எடுத்த கணக்கில் நாடெங்கும் எஞ்சிய புலிகள் 1,827 எனத் தெரிந்தது. அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1974 ஆகஸ்டு 30ஆம் நாள், புற்றுநோயால் ஆண்டர்சன் பெங்களூரில் காலமானார். வேட்டையின் காலமும் அவருடைய காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே முடிந்தன.

எஞ்சி நிற்பது

சத்தியமங்கலக் காடு 2008இல் சரணாலயமாகவும் 2013இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 1,408 சதுர கிலோமீட்டர் பரப்பில் புலிகள் மீண்டும் பெருகின. காவிரி வடக்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் தோன்றின. சுடுவதற்கு எவரும் துப்பாக்கி தூக்காத காட்டில் புலி நடக்கின்றது. தொலைநோக்கி இப்பொழுது துப்பாக்கியின் மேல் இல்லை. பறவை நோக்கும் இளைஞரின் கழுத்தில் தொங்குகின்றது.

இந்நிலையில் ஆண்டர்சனைப் புலிகுத்திய வீரர்களின் வரிசையில் வைக்கலாமா? கல்லில் நிற்கும் வீரன் தன் ஊரையும் தன் ஆநிரையையும் காக்க மாண்டான். ஆண்டர்சன் பிறர் ஊரைக் காக்க வந்தார். வேட்டையின் இன்பத்திற்காகவும் வந்தார். இரண்டையும் அவர் மறைக்கவில்லை. ஆகவே வீரன் என்னும் பட்டத்தை அவருக்குத் தயக்கமின்றி வழங்குவதற்கில்லை. ஆனால் நடுகல் பொறித்தவனின் வரிசையில் அவருக்கு ஐயமின்றி இடமுண்டு. குழியில் வாழ்ந்த பூசாரியையும், பிஸ்கட்டுக்கு ஏங்கிய தெரு நாயையும், முள்ளம்பன்றி முள் தைத்து ஊனமுற்ற சிறுத்தையையும் பெயரும் காரணமும் சொல்லிப் பதித்துவைத்தது அவருடைய கை.

2022 பிப்ரவரி முதல் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்து தடை செய்யப்பட்டுள்ளது. இருள் சூழ்ந்தபின் அச்சாலை விலங்குகளுக்கு உரியதாகின்றது. அடிவாரப் பட்டிகளில் மட்டும், மனிதர் எவரும் கேளாத ஏதோ ஓர் ஒலிக்கு நாய் ஒன்று தலை நிமிர்த்தி மெல்ல உறுமுகின்றது.